மெய்நிகர் நோயாளி

மருத்துவமனை வார்டில் மாலை நேரம். சன்னலோரக் கட்டிலில் எழுபது வயது முதியவர் ஒருவர் படுத்திருக்கிறார். அவருக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்து ஒரு நாள்தான் ஆகிறது. "அம்மா, மூச்சு வாங்குகிறது," என்று அவர் தாழ்ந்த குரலில் கூறுகிறார்.

பயிற்சித் தாதி அவரருகே விரைகிறார். இரத்த அழுத்தத்தை அளக்கிறார், எண்களைக் குறித்துக்கொள்கிறார். முதியவரின் மூச்சு மேலும் வேகமெடுக்கிறது. இரத்தத்தில் உள்ள உயிர்வாயுவின் அளவைக் காட்டும் திரையில் 94 என்றிருந்த எண் 91 ஆகிறது. பிறகு 88 ஆகிறது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தாதி தடுமாறுகிறார். உதவிக்கு ஆளை அழைக்கவேண்டும் என்பது அவருக்கு நினைவு வருவதற்குள் முதியவர் சுயநினைவை இழந்துவிடுகிறார்.

அத்துடன் வார்டு மறைகிறது. பயிற்சித் தாதி தம் கண்களை மறைத்திருந்த கருவியைக் கழற்றுகிறார். அவர் நிற்பது ஒரு வகுப்பறையில். அங்குக் கட்டிலும் இல்லை, முதியவரும் இல்லை. அருகில் நின்ற ஆசிரியர், "எங்கே தாமதம் ஏற்பட்டது என்று முதலில் பார்ப்போம். பிறகு மீண்டும் ஒருமுறை செய்து பாருங்கள்," என்கிறார்.

'மெய்' என்றால் உண்மை; 'நிகர்' என்றால் ஒத்தது. உண்மையை ஒத்த ஓர் உலகைக் கணினியின் துணையோடு உருவாக்கி, அதனுள் மனிதரை நடமாட வைப்பதே மெய்நிகர் தொழில்நுட்பம். விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பெயர்பெற்ற இத்தொழில்நுட்பம், இப்போது தாதியரை உருவாக்கும் பணியிலும் ஈடுபடுத்தப்படுகிறது.

முதல் முறை யாரிடம்?

எந்தத் திறனுக்கும் ஒரு முதல் முறை உண்டு. முதன்முதலாகச் சமைப்பவர் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிடலாம். முதன்முதலாக மரத்தை அறுப்பவர் ஒரு பலகையை வீணாக்கிவிடலாம். அவற்றால் பெரிய இழப்பு ஏற்படுவதில்லை. ஆனால், முதன்முதலாக ஊசி போடும் தாதி தவறு செய்தால் வலியை அனுபவிப்பவர் ஒரு நோயாளி. மருந்தின் அளவு மாறினாலோ, ஆபத்தின் அறிகுறி கண்ணில் படாமல் போனாலோ, உயிருக்கே கேடு விளையக்கூடும்.

அப்படியானால், பாடநூல்களை நன்கு படித்துவிட்டு நேரே வார்டுக்குச் சென்றால் போதாதா? போதாது. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். நீந்துவது எப்படி என்று படித்தவர் எல்லாரும் நீந்திவிட முடியாது. தாதிமையும் அப்படித்தான். செய்து செய்துதான் அதைக் கற்கமுடியும். செய்து பார்க்க நோயாளி வேண்டும். ஆனால், நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடாது. தாதிமைக் கல்வியில் நெடுங்காலமாக இருந்துவரும் சிக்கல் இதுவே.

இச்சிக்கலைத் தீர்க்கப் பல வழிகள் தேடப்பட்டன. ஊசி போடப் பழகும் மாணவர்கள் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகியதுண்டு. 1911-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனைக்காக, மார்த்தா சேஸ் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் ஆள் உயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். 'திருமதி சேஸ்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பொம்மையைத் தூக்கவும் திருப்பவும் உடை மாற்றவும் தாதியர் பழகினர். 1960-இல், நார்வே நாட்டின் விளையாட்டுப்பொருள் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால், மூச்சு நின்றவரைக் காப்பாற்றும் முதலுதவியைப் பழகுவதற்காக 'ஆன்' என்ற பொம்மையை வெளியிட்டார். இன்றும் முதலுதவி வகுப்புகளில் அதன் வழிவந்த பொம்மைகளைக் காணலாம்.

பின்னாளில் கணினியால் இயங்கும் பொம்மைகளும் வந்தன. அவற்றுக்கு நாடித் துடிப்பு உண்டு; நெஞ்சு ஏறி இறங்கும். ஆயினும், அவற்றின் விலை அதிகம். தனி அறையும் இயக்குவதற்கு ஆளும் தேவை. ஒரு நேரத்தில் ஒரு சிலர்தாம் பழகமுடியும். இந்தக் குறையை நிரப்பும் வாய்ப்பாக மெய்நிகர் தொழில்நுட்பம் அமைந்துள்ளது.

கண்ணை நம்பவைக்கும் கருவி

முகத்தில் அணியும் ஒரு கருவி, வகுப்பறையை எப்படி வார்டாக மாற்றுகிறது? விடை மனிதக் கண்களில் இருக்கிறது. இரு கண்களுக்கும் இடையே சிறிது தொலைவு உண்டு. அதனால், ஒரே பொருளை இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. மூளை அவ்விரு காட்சிகளையும் இணைத்து, பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை உணர்ந்துகொள்கிறது. பிரிட்டிஷ் அறிவியலாளர் சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1838-ஆம் ஆண்டிலேயே இதை விளக்கினார். இரண்டு படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி, தட்டையான படத்திலும் ஆழம் இருப்பதுபோல் தோன்றச் செய்யும் கருவியையும் அவர் உருவாக்கினார்.

மெய்நிகர்க் கண்ணாடியும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது. அதனுள் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிக் காட்சி காட்டப்படுகிறது. தலை எப்பக்கம் திரும்புகிறது என்பதை அதிலுள்ள உணர்கருவிகள் கண்டறிகின்றன. அதற்கேற்பக் கணினி நொடிக்குப் பல முறை காட்சியை மாற்றி வரைகிறது. அணிந்திருப்பவர் இடப்பக்கம் திரும்பினால் பக்கத்துக் கட்டில் தெரியும். குனிந்தால் தரை தெரியும். கையில் பிடித்திருக்கும் சிறு கருவி, கையின் அசைவை மெய்நிகர் உலகுக்குள் கொண்டுசெல்கிறது. 1968-இல் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய முன்னோடிக் கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்றோ அது ஒரு பைக்குள் அடங்கிவிடுகிறது.

உடலுக்குள் ஒரு பயணம்

தாதிமை என்பது கைவேலை மட்டுமன்று. ஒவ்வொரு செயலுக்குப் பின்னாலும் அறிவியல் இருக்கிறது. தொடக்கத்தில் கண்ட முதியவருக்கு மூச்சு வாங்கியது ஏன்? அதைப் புரிந்துகொள்ள, மாணவரை வார்டிலிருந்து நோயாளியின் நுரையீரலுக்குள்ளேயே மெய்நிகர் தொழில்நுட்பத்தால் அழைத்துச் செல்ல முடியும்.

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றைச் சுற்றி மெல்லிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. காற்றறையிலிருந்து உயிர்வாயு இரத்தத்துக்குள் செல்கிறது. கரியமிலவாயு இரத்தத்திலிருந்து வெளியேறுகிறது. வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், ஆழமாக மூச்சு இழுத்தால் வலிக்கும் என்பதால் மேலோட்டமாகவே மூச்சு விடுவார். அதனால், நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள காற்றறைகள் சில விரியாமல் சுருங்கிவிடக்கூடும். சுருங்கிய அறைக்குள் காற்றுப் போவதில்லை. அதைச் சுற்றி ஓடும் இரத்தம் போதிய உயிர்வாயுவைப் பெறாமலே திரும்புகிறது. உடல் இக்குறையை ஈடுகட்ட முயல்கிறது. மூச்சு வேகமெடுக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது.

பெரியவர் ஒருவர் அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். முதியவரின் மூச்சு அந்த எல்லையைத் தாண்டியபோதே உடல் எச்சரிக்கை மணியை அடித்துவிட்டது. திரையிலுள்ள எண் இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்ட மாணவர், நோயாளியைச் சாய்ந்த நிலையில் உட்காரவைக்கிறார். அப்போது வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் கீழே இறங்க, நுரையீரல் விரிய இடம் கிடைக்கிறது. 'கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்துக' என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்தவர் அதைப் பதற்றத்தில் மறந்துவிடலாம். ஏன் உயர்த்தவேண்டும் என்பதைக் கண்ணால் கண்டவர் எளிதில் மறப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத கிருமி

வார்டில் தாதியர் சந்திக்கும் பகை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நோயாளியைத் தொடுமுன், தூய்மை தேவைப்படும் சிகிச்சையைத் தொடங்குமுன், உடல் திரவங்கள் கையில் பட வாய்ப்பிருந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின் என ஐந்து தருணங்களில் கைகளைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. இவற்றுள் ஐந்தாவது தருணம் எளிதில் மறந்துவிடக்கூடியது. நோயாளியைத் தொடவில்லையே, கட்டிலின் கம்பியைத்தானே தொட்டேன் என்று எண்ணத் தோன்றும்.

மெய்நிகர் வார்டில் கிருமிகளை வண்ணப் புள்ளிகளாகக் காட்டமுடியும். மாணவர் முதல் கட்டிலின் கம்பியைத் தொடுகிறார். பிறகு இரண்டாம் நோயாளியின் தலையணையைச் சரிசெய்கிறார். கம்பியிலிருந்த சிவப்புப் புள்ளிகள் அவர் விரலில் ஏறி, தலையணைக்குத் தாவுவதை அவரே பார்க்கிறார். ஒரு முறை அதைப் பார்த்தவரின் கை, அடுத்த முறை தானாகவே கிருமிநாசினியை நாடும்.

இது சிறிய செய்தியன்று. 2003-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சார்ஸ் நோய் பரவியபோது 238 பேர் பாதிக்கப்பட்டனர். 33 பேர் உயிரிழந்தனர். நோயாளிகளைக் கவனித்த மருத்துவ ஊழியர்களும் பாதிக்கப்பட்டோரில் இருந்தனர். பாதுகாப்பு உடையை அணியும்போது மட்டுமல்லாமல், கழற்றும்போதும் மிகுந்த கவனம் வேண்டும். உடையின் வெளிப்பக்கத்தில் கிருமி ஒட்டியிருக்கக்கூடும் என்பதே அதற்குக் காரணம். எதை முதலில் கழற்றுவது, எதை இறுதியில் கழற்றுவது என்ற ஒழுங்கை, நோய் பரவாத காலத்திலேயே பல முறை பழகிவைத்தால்தான் நெருக்கடி வரும்போது அது கைகொடுக்கும்.

பேசத் தெரியவேண்டும்

முதியவரின் நிலை மோசமாகிறது என்பதைத் தாதி கண்டுகொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது? "டாக்டர், அவருக்கு என்னவோ போலிருக்கிறது," என்றால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. அதனால், தாதியர் ஓர் ஒழுங்கைப் பின்பற்றப் பழகுகிறார்கள். முதலில், இப்போதைய நிலைமை. இரண்டாவதாக, நோயாளியின் பின்னணி. மூன்றாவதாக, தாதியின் மதிப்பீடு. நான்காவதாக, உடனே தேவைப்படும் நடவடிக்கை. "மூச்சு நிமிடத்துக்கு 28. நேற்று வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நுரையீரல் சரியாக விரியவில்லை என்று எண்ணுகிறேன். உடனே வந்து பாருங்கள்." இவ்வளவையும் அரை நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம்.

ஆனால், மூத்த மருத்துவரிடம் இளம் தாதி தயங்காமல் இப்படிப் பேசுவது எளிதன்று. அதற்கும் பயிற்சி வேண்டும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் எலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையம் இதற்காகக் கணினிவழி மெய்நிகர் மருத்துவமனை ஒன்றைப் பயன்படுத்தியுள்ளது. தாதிமை மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் தத்தம் இடங்களில் இருந்தபடியே அதனுள் சந்தித்து, ஒரு குழுவாக நோயாளியைக் கவனிக்கப் பழகினர். 2020-ஆம் ஆண்டு கொவிட்-19 நோய் பரவி, மாணவர்கள் வார்டுகளுக்குச் செல்வது தடைப்பட்டபோது, இத்தகைய பயிற்சிகளின் தேவை பல நாடுகளிலும் நன்கு உணரப்பட்டது.

மெய்நிகர் உலகில் மாணவர் நோயாளியாகவும் மாறலாம். கண்புரை உள்ளவரின் பார்வை எப்படி மங்கலாக இருக்கும், மறதிநோய் உள்ளவருக்குக் கருநிறக் கால்விரிப்பு ஏன் பள்ளம்போல் தோன்றி அச்சமூட்டக்கூடும் என்பவற்றை அவர் அந்த நோயாளியின் கண்கள்வழியே காணலாம். "இந்தத் தாத்தா ஏன் நடக்க மறுக்கிறார்?" என்று சலித்துக்கொண்டவர், அதன் பிறகு விரிப்பை அகற்றிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொள்வார்.

கருவியால் இயலாதவை

மெய்நிகர் பயிற்சிக்கு எல்லைகளும் உண்டு. நோயாளியின் கையில் சொட்டு மருந்து ஏற்றும் குழாயைப் பொருத்தும் செயலை எடுத்துக்கொள்வோம். கைகளைத் தூய்மைப்படுத்துதல், சரியான நோயாளிதானா என்று உறுதிசெய்தல், கையில் பட்டையை இறுக்கிக் கட்டுதல், இரத்தக் குழாயைத் தேடுதல், தோலைத் துடைத்து உலரவிடுதல், ஊசியைச் சாய்வாகச் செலுத்துதல், இரத்தம் தெரிந்ததும் குழாயை உள்ளே நகர்த்துதல், பட்டையைத் தளர்த்துதல் என்று அதில் பல படிகள் உள்ளன. பட்டையைத் தளர்த்த மறப்பது புதியவர்கள் செய்யக்கூடிய தவறு. இந்த வரிசையை மெய்நிகர் உலகில் பத்து முறையும் பழகலாம். இருபது முறையும் பழகலாம்.

ஆனால், தோலுக்கு அடியில் இரத்தக் குழாய் விரல்நுனியில் எப்படித் துள்ளும், முதியவரின் மெல்லிய தோல் ஊசியின்கீழ் எப்படி நழுவும் என்பவற்றைக் கையில் பிடித்திருக்கும் சிறு கருவியின் அதிர்வு முழுமையாக உணர்த்திவிடாது. கட்டிலில் புரண்டு படுக்க முடியாத ஒருவரின் உடல் எடையும் அதில் தெரியாது. அவற்றுக்குப் பயிற்சிப் பொம்மையும், ஆசிரியரின் மேற்பார்வையில் உண்மையான நோயாளியும் தேவை.

வேறு சில சிக்கல்களும் உள்ளன. கண்கள் 'நடக்கிறோம்' என்று சொல்லும். உட்காதில் உள்ள சமநிலை உறுப்போ 'அசையவே இல்லை' என்று சொல்லும். இந்த முரண்பாட்டால் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் ஏற்படுகின்றன. கருவிகளை வாங்குவதற்கும் பயிற்சிகளை வடிவமைப்பதற்கும் செலவாகும். இவற்றைவிடக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மெய்நிகர் நோயாளி இறந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் எழுந்துவிடுவார். இதைச் சிலர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

அதனால்தான், கருவியைக் கழற்றிய பிறகு நடைபெறும் கலந்துரையாடல் மிகவும் இன்றியமையாததாகக் கருதப்படுகிறது. என்ன நடந்தது, அந்த நேரத்தில் மனத்தில் என்ன ஓடியது, எந்த அறிகுறி கண்ணில் படவில்லை, அடுத்த முறை எதை மாற்றவேண்டும் என்று ஆசிரியரும் மாணவர்களும் அமர்ந்து பேசுகின்றனர். அங்கே யாரையும் யாரும் குறைகூறுவதில்லை. தவறு எப்படி நேர்ந்தது என்பதை அவர்கள் ஆராய்கின்றனர். தவறைப் பாடமாக மாற்றுவது அந்த உரையாடலே.

வார்டில் காத்திருப்பவர்

2030-ஆம் ஆண்டுவாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதுக்கு மேற்பட்டவராக இருப்பார் என்று கணிக்கப்பட்டுள்ளது. அவர்களைக் கவனித்துக்கொள்ளத் தாதியர் பலர் தேவை. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இளையர்கள் தாதிமை பயில்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முதல் நாள் உண்டு. ஒரு முதல் நோயாளியும் உண்டு.

மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்று திருவள்ளுவர் வகுத்துள்ளார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, நோயாளியின் அருகிலிருந்து கவனித்துக்கொள்பவரையும் அவர் ஒரு கூறாகவே எண்ணினார். அருகிலிருப்பவரின் அறிவும் கைத்திறனும் கனிவும் நோயைத் தீர்ப்பதில் பங்கு வகிக்கின்றன. அறிவையும் திறனையும் வளர்க்க மெய்நிகர் வார்டு துணைபுரியும். ஆனால், வலியால் துடிப்பவரிடம், "பாட்டி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்," என்று அவர் மொழியிலேயே சொல்லிக் கையைப் பற்றிக்கொள்வது மனிதரால் மட்டுமே முடியும்.

தொடக்கத்தில் கண்ட பயிற்சித் தாதி மீண்டும் கருவியை அணிகிறார். சன்னலோரக் கட்டிலில் அதே முதியவர், "அம்மா, மூச்சு வாங்குகிறது," என்கிறார். இம்முறை தாதி அவருடைய மூச்சை எண்ணுகிறார். கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்துகிறார். உடனே உதவிக்கு அழைக்கிறார். திரையில் 91 ஆக இருந்த எண் மெல்ல மெல்ல 95-ஐத் தொடுகிறது. என்றாவது ஒரு நாள், உண்மையான வார்டில் ஓர் உண்மையான முதியவர் அவரிடம் அதே சொற்களைக் கூறக்கூடும். தம்மைக் கவனிக்கும் தாதி முன்பே ஒருமுறை தடுமாறியவர் என்பது அந்த முதியவருக்குத் தெரியாது. அந்தத் தடுமாற்றம் வகுப்பறையிலேயே முடிந்துபோயிருக்கும்.